கடையாணி இருந்தால் மட்டும் போதுமா? பிளவக்கல் பாதையில் கேட்ட ஒரு சத்தமும் அச்சின் வரலாறும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடித்து, நேரம் இருக்கும்போது வாசியுங்கள். கார், வேன், டிராக்டர் என்று எதையாவது ஓட்டுகிறவர்கள் மட்டும் பாதியில் விட்டுவிடாமல் கடைசி வரை வாசித்துவிடுங்கள்.

மழை நன்றாகப் பெய்து பிளவக்கல் பெரியாறு அணையில் தண்ணீர் ஏறியிருக்கிறது என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ராஜபாளையத்திலிருந்து காரில் கிளம்பினோம். நானும் என் துணைவியாரும் விடுமுறைக்கு வந்திருந்த பேத்தியும். கூமாப்பட்டி என்றால் இப்போது சமூக ஊடகத்தில் எல்லோருக்கும் தெரியும். பேத்திக்கும் அந்த ஊரைப் பார்க்க ஆசை. ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி, கிருஷ்ணன்கோவிலில் திரும்பி, வத்திராயிருப்பு வழியாகப் போகும் பாதை. நான் சைக்கிளில் போன காலத்திலிருந்து பழக்கமான சாலை.

காரில் ஒரு சத்தம் இருந்தது. புதிய சத்தம் இல்லை. நான்கைந்து மாதமாகவே இருந்தது. 40 கிலோமீட்டர் வேகம் வரை ஒன்றும் தெரியாது. அதைத் தாண்டினால் "ஊங்..." என்று ஒரு முனகல். 60ஐத் தொட்டால் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்கும் அளவுக்கு வரும். முன்பு வண்டியைக் காட்டிய இடத்தில் டயர் சத்தம் என்றார்கள். முன் டயர் இரண்டையும் மாற்றினேன். சத்தம் போகவில்லை. பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று நானும் பழகிவிட்டேன்.

வத்திராயிருப்பை நெருங்கும்போது வலது பக்கம் வளையும் ஒரு வளைவில் முனகல் கூடி, கூடவே "கர கர" என்று ஓர் உறுமல் சேர்ந்தது. சாலையோரம் ஒரு சிறிய மெக்கானிக் கடையைப் பார்த்து நிறுத்தினேன். கடைக்காரத் தம்பிக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். "சார், எங்க அண்ணனுக்கு நீங்கதான் வரலாறு எடுத்தீங்க" என்றார்.

வளைவில் சத்தம் எப்படி வருகிறது என்று முதலில் கேட்டார். வலது பக்கம் திரும்பும்போது கூடுகிறது என்றேன். "அப்ப இடது சக்கரமா இருக்கும் சார். வலது பக்கம் திரும்புனா பாரம் இடது சக்கரத்து மேல சாயும்ல" என்று சொல்லி இடது முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினார். மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார். லேசாக ஆடியது. ஒரு கையைச் சுருள்வில்லின் மேல் வைத்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்றினார். என் கையையும் எடுத்து அந்தச் சுருள்வில்லின் மேல் வைத்தார். மாவு அரைக்கும் திரிகையைத் தொட்டதுபோல் கையில் நரநரத்தது.

பிறகு நடுவில் இருந்த மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த பெரிய நட்டில் ஸ்பேனரை மாட்டினார். அது சாதாரணமாகத் திரும்பியது. அவர் முகம் மாறிவிட்டது. "சார், இது நீளக் குழாய் மாட்டி மிதிச்சுக் கழட்ட வேண்டிய நட்டு. கையாலயே சுத்துது பாருங்க. யாரோ ஒரு தடவை கழட்டிட்டுப் பழைய நட்டையே திரும்பப் போட்டிருக்காங்க. ஓரத்தைத் தட்டிப் பூட்டவும் இல்ல."

"சரி தம்பி, இப்போதைக்கு இறுக்கிக் கொடுங்க. அணையைப் பார்த்துட்டு ராஜபாளையம் போய்ப் பேரிங்கை மாத்திக்கிறேன்" என்றேன்.

"இறுக்குனா நட்டு இறுகும் சார். தேஞ்ச பேரிங் திரும்ப வராது. நான் அனுப்ப மாட்டேன்" என்றார்.

எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். பேத்தியின் முகத்தைப் பார்த்தேன். ஆனால் அவர் சாவியைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பேரிங் வர வேண்டும், வேலை முடிய நான்கு மணி நேரமாவது ஆகும் என்றார். அந்த நான்கு மணி நேரம் கடை வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது எங்கள் தாத்தாவின் நினைவு வந்தது. அதிலிருந்துதான் இந்தப் பதிவு.

தாத்தாவிடம் ஒரு பாரவண்டி இருந்தது. இதே வத்திராயிருப்புப் பக்கத்திலிருந்து நெல் ஏற்றி வருவார். வண்டி பூட்டுவதற்கு முன் மாட்டைத் தடவிக் கொடுப்பாரோ இல்லையோ, இரண்டு பக்கமும் போய்க் கடையாணியைத் தொட்டுப் பார்ப்பார். இளைய பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். மாட்டுவண்டியில் அச்சு சுற்றாது. சக்கரம்தான் அச்சின் மேல் சுற்றும். அச்சின் முனையில் ஒரு துளை. அதில் செருகும் இரும்பு ஆணிதான் கடையாணி. அது விழுந்தால் சக்கரம் கழன்றுவிடும்.

தாத்தா அப்படித் தொட்டுப் பார்த்ததற்குக் காரணம் உண்டு. அவருடைய அண்ணன் ஒருநாள் இரவில் பாரத்தோடு வரும்போது கடையாணி எங்கோ விழுந்துவிட்டது. சக்கரம் கழன்று வண்டி சாய்ந்ததில் அவர் கால் நசுங்கியது. கடைசி வரை கம்பு ஊன்றித்தான் நடந்தார். நான் சிறுவனாக அவரைப் பார்த்திருக்கிறேன். ஒரு விரல் நீள ஆணியால் ஒரு மனிதனின் நடை போனதை எங்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை.

இன்னொன்று வண்டி மை. வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்து, ஒரு மூங்கில் குழாயில் ஊற்றி வண்டிக்கு அடியில் தொங்கவிட்டிருப்பார்கள். சக்கரத்தின் நடுவில் இருக்கும் குடம் "கிரீச்" என்று கத்த ஆரம்பித்தால், சக்கரத்தை லேசாக இழுத்து, அச்சில் மையைத் தடவித் திரும்பத் தள்ளுவார்கள். சத்தம் கேட்டதும் மை போடுவது என்பது தாத்தாவின் கணக்கு. மாதக்கணக்கில் சத்தம் கேட்டும் ரேடியோவின் ஒலியைக் கூட்டியது பேரனின் கணக்கு.

அச்சைப் பற்றிய கவலை நமக்குப் புதியதல்ல. திருக்குறளில் இரண்டு இடங்களில் வருகிறது. 475ஆம் குறள், மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்கிறது. 667ஆம் குறள், பெரிய தேருக்கு அச்சாணி எப்படியோ அப்படிப்பட்ட மனிதர்கள் இருக்கிறார்கள், உருவம் பார்த்து இகழாதே என்கிறது. ஒன்று பாரம் பற்றியது, மற்றது ஆணி பற்றியது. வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் நடுவில் வாழ்ந்தவர்தான் இப்படி இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியும்.

அதைவிட எனக்குப் பிடித்தது புறநானூற்றின் 102ஆம் பாட்டு. ஔவையார் பாடியது. அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பற்றியது. உப்பு விற்கும் உமணர்கள் பாரம் நிறைந்த வண்டியோடு நெடுந்தூரம் போகிறவர்கள். மாடுகள் இளையவை. பாதை பள்ளத்தில் இறங்கும், மேட்டில் ஏறும். வழியில் என்ன ஆகுமோ யாருக்குத் தெரியும்? அதனால் வண்டிக்கு அடியில் இன்னொரு அச்சைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு போவார்கள். அதற்குச் சேம அச்சு என்று பெயர். எழினியே, நீ அந்தச் சேம அச்சுப் போன்றவன் என்கிறார் ஔவையார். இன்று நாம் டிக்கியில் ஸ்டெப்னி வைத்துக்கொள்வதற்கு ஏறத்தாழ 2000 ஆண்டுக்கு முன்பே முன்னோடி இருந்திருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையிலும் உமணர் வண்டியின் வருணனை உண்டு. முழுமரத்தில் செய்த உருளியை முழவுக்கு ஒப்பிடுகிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார்.

அச்சின் பெரிய வடிவத்தைப் பார்க்க வேண்டுமானால் எங்கள் பகுதிக்காரர்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனால் போதும். ஆடிப்பூரத் தேர். மரச்சக்கரத்தில் ஓடிய காலத்தில் அது நிலைக்கு வந்து சேர நாட்கணக்கில் ஆகும். சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்களின் கையில்தான் அத்தனை பேருடைய உயிரும் இருக்கும். இரும்பு அச்சும் இரும்புச் சக்கரமும் வந்த பிறகு சில மணி நேரத்தில் நிலைக்கு வந்துவிடுகிறது. திருவாரூர் ஆழித்தேரும் இப்படித்தான். பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற அந்தத் தேர், கலைஞர் முதல்வராக இருந்தபோது 1970ல் திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்த இரும்பு அச்சு, சக்கரங்களோடு மறுபடி ஓடியது. அதிலிருந்து தமிழ்நாட்டுக் கோயில் தேர்கள் பலவற்றுக்கும் திருச்சியிலிருந்துதான் சக்கரங்கள் போகின்றன.

மாட்டுவண்டியானாலும் தேரானாலும் அடிப்படை ஒன்றுதான். உலோகமோ மரமோ, ஒன்றின் மேல் ஒன்று உரசிக்கொண்டு சுற்றுகிறது. நடுவில் எண்ணெய் இருக்கும் வரை பிழைப்பு. விருதுநகரிலிருந்து தென்காசிக்கு 1927ல் ரயில் வந்தபோது அந்த ரயில் பெட்டிகளும் இதே முறையில்தான் ஓடின. சக்கரத்தின் முனையில் ஓர் இரும்புப் பெட்டி, உள்ளே எண்ணெயில் ஊறிய பஞ்சுக் கழிவு. பஞ்சு காய்ந்தால் அச்சு சூடேறிப் புகையும். நிலையத்தில் வண்டி நின்றதும் ஒருவர் நீளச் சுத்தியலோடு வந்து ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிப் பார்ப்பார். மணியடித்ததுபோல் கேட்டால் நல்ல சக்கரம். சத்தம் மங்கினால் விரிசல். பெட்டியைப் புறங்கையால் தொட்டுச் சூடு பார்ப்பார். காதும் கையும்தான் அவருடைய கருவிகள்.

உரசுவதற்குப் பதிலாக உருள வைத்தால் என்ன? இந்தக் கேள்விக்கு வண்டிக்காரர்களுக்காக முதலில் பதில் எழுதியவர் வேல்ஸ் நாட்டின் கார்மார்தன் ஊரைச் சேர்ந்த பிலிப் வாகன் என்ற இரும்புப் பட்டறை உரிமையாளர். 1794ல் அவர் பெற்ற காப்புரிமையில், குதிரை வண்டியின் அச்சைச் சுற்றி ஒரு பள்ளம், அதில் வரிசையாக உருண்டைகள். யோசனை சரிதான். ஆனால் எல்லாக் குண்டுகளும் ஒரே அளவில், ஒரே உருண்டையாக இருந்தால்தான் பாரம் சமமாகப் பிரியும். ஒரு குண்டு மயிரிழை பெரிதாக இருந்தாலும் முழுப் பாரமும் அதன் தலையில் இறங்கும். அப்படிக் குண்டு செய்ய அப்போது யாராலும் முடியவில்லை.

அடுத்த கட்டம் சைக்கிளால் வந்தது. 1869ல் பாரிசில் ஜூல் சுரிரே என்பவர் சைக்கிள் சக்கரத்துக்குக் குண்டு பேரிங் செய்தார். அதே ஆண்டு நவம்பரில் பாரிசிலிருந்து ரூவான் நகருக்கு நடந்த போட்டியில் ஜேம்ஸ் மூர் அந்தப் பேரிங் வைத்த சைக்கிளில்தான் வென்றார். 1883ல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரத்தில் ஃபிரீட்ரிக் ஃபிஷர், எஃகுக் குண்டுகளை ஒரே அளவில் சாணை பிடிக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். வாகனின் யோசனை பரவலாக நடைமுறைக்கு வர ஏறத்தாழ 90 ஆண்டுகள் பிடித்திருக்கின்றன.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் குதிரை வண்டி செய்தவர் ஹென்றி டிம்கன். வண்டி வளைவில் திரும்பும்போது பாரம் மேலிருந்து மட்டும் வருவதில்லை, பக்கவாட்டிலும் தள்ளுகிறது என்பது வண்டி செய்கிறவருக்குத் தெரியும். அதற்காகக் குண்டுக்குப் பதில் ஒரு பக்கம் சிறுத்த உருளைகளை வைத்து அவர் செய்த பேரிங்குக்கு 1898ல் காப்புரிமை கிடைத்தது. இன்றும் லாரி, டிராக்டர் சக்கரங்களில் இருப்பது இந்தச் சாய்ந்த உருளைப் பேரிங்தான்.

ராஜபாளையத்துக்காரர்களுக்குப் பிடித்தமான கதை சுவீடனில் இருக்கிறது. அங்கே கோத்தன்பர்க் நகரத்தில் ஒரு துணி ஆலை. ஆலையின் நிலம் களிமண். கட்டடம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும்போது, இயந்திரங்களை ஓட்டும் நீண்ட இரும்புத் தண்டுகள் கோணலாகி, பேரிங்குகள் அடிக்கடி உடைந்தன. அந்த ஆலையின் பொறியாளர் ஸ்வென் விங்க்விஸ்ட், தண்டு கொஞ்சம் கோணினாலும் தானே சரிசெய்துகொள்ளும் பேரிங்கை 1907ல் செய்தார். அதிலிருந்து பிறந்ததுதான் எஸ்கேஎஃப் நிறுவனம். அந்த நிறுவனம் தன் பேரிங்குக்காக 1915ல் பதிவுசெய்து வைத்த பெயர் வால்வோ. லத்தீனில் "நான் உருள்கிறேன்" என்று பொருள். அந்தப் பெயரில் முதல் கார் வெளிவந்தது 1927ல். எங்கள் ஊருக்கு ரயில் வந்த அதே ஆண்டு. நம் ஊரிலும் 1936ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கியதிலிருந்து நூற்பாலை என்றால் நமக்கு வீட்டு விஷயம். கார் ஓடும் பேரிங்கின் வரலாற்றில் ஒரு பஞ்சாலையின் பங்கு இருக்கிறது என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இந்தக் குண்டுகளுக்காக மனிதர்கள் செத்தும் இருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் பேரிங் உற்பத்தியில் பெரும்பகுதி அதே ஷ்வைன்ஃபுர்ட் நகரத்தில் இருந்தது. பேரிங் இல்லாமல் விமானமும் இல்லை, டாங்கியும் இல்லை. 1943 ஆகஸ்ட் 17ல் அமெரிக்க விமானங்கள் ஷ்வைன்ஃபுர்ட்டையும் ரேகன்ஸ்பர்க் விமான ஆலையையும் ஒரே நாளில் தாக்கின. 60 குண்டுவீச்சு விமானங்கள் திரும்பவில்லை. அக்டோபர் 14ல் மறுபடி ஷ்வைன்ஃபுர்ட். மறுபடி 60 விமானங்கள். ஒவ்வொரு விமானத்திலும் பத்துப் பேர். பிரிட்டனுக்கும் பேரிங் தட்டுப்பாடுதான். சுவீடனிலிருந்து மொஸ்கிட்டோ என்ற வேக விமானங்களில் இரவோடு இரவாகப் பேரிங்கைக் கடத்திக்கொண்டு போனார்கள்.

இந்தியாவில் 1946ல் ஜெய்ப்பூரில் நேஷனல் என்ஜினியரிங் இண்டஸ்ட்ரீஸ் பேரிங் தொழிலைத் தொடங்கியது. விடுதலைக்குப் பிறகு சைக்கிள், லாரி, பம்புசெட் என்று பேரிங் கிராமத்துக்குள் வந்தது. எங்கள் வயதுக்காரர்களுக்கு அது வேறு வழியிலும் வந்தது. லாரிப் பட்டறையில் தூக்கிப்போட்ட பழைய பேரிங் மூன்றை வாங்கி, பலகையில் மாட்டி, பேரிங் வண்டி செய்து தெருவில் தள்ளிக்கொண்டு ஓடினோமே, நினைவிருக்கிறதா? "கடகட"வென்று தெருவே எழுந்துவிடும். உடைத்து எடுத்த பால்ரஸ் குண்டுகள் கோலிக்குண்டைவிட உயர்ந்த சொத்து.

மாட்டுவண்டியும் மாறியது. டயர் வண்டி வந்தது. ரப்பர் டயர், உள்ளே பேரிங். பழைய கட்டை வண்டியைவிட அதிகப் பாரத்தை அதே மாடுகள் இழுத்தன. பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் இயக்குநராக இருந்த என்.எஸ். ராமசாமி 1970களில் மாட்டுவண்டியை மேம்படுத்த வேண்டும் என்று நாடு முழுக்கப் பேசியது இதற்காகத்தான். அவருடைய கவலை மாட்டின் கழுத்துப் புண்ணைப் பற்றியும்கூட. ஆனால் டயர் வண்டி வந்ததும் வண்டிக்கு அடியில் தொங்கிய மூங்கில் குழாய் காணாமல் போனது. மை போடுகிற வேலை வண்டிக்காரர் கையிலிருந்து பட்டறைக்குப் போய்விட்டது.

இப்போது நட்டுக்கு வருகிறேன். டயர் வண்டி, டிராக்டரின் முன்சக்கரம், பழைய ஜீப் இவற்றில் சாய்ந்த உருளைப் பேரிங் ஜோடியாக இருக்கும். அதைப் பிடித்திருக்கும் நட்டை இறுக்கிவிட்டு, சக்கரம் தாராளமாகச் சுற்றும் அளவுக்குக் கொஞ்சம் தளர்த்தி, ஸ்பிளிட் பின்னை மாட்டி மடக்கிவிடுவார்கள். ரொம்ப இறுக்கினால் பேரிங் சூடேறிக் கருகும். இந்த ஸ்பிளிட் பின் வேறு யாருமில்லை, நம் கடையாணியின் பேரன்தான்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அம்பாசடரில் எஞ்சின் பின்சக்கரத்தை ஓட்டும். மாருதியில் முன்சக்கரத்தை ஓட்டும். நம் சாலைகளில் இன்று ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவை இந்த முறைதான். இதில் அச்சு சும்மா நிற்பதில்லை, சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிறது. பேரிங் மூடி முத்திரையிட்ட ஒரே கட்டு. மை போடவும் முடியாது, பிரித்துப் பார்க்கவும் முடியாது. அந்தப் பேரிங்கின் உள்வளையம் பெரும்பாலும் இரண்டு துண்டாக இருக்கும். இரண்டையும் சேர்த்து நெருக்கிப் பிடித்திருப்பது நடுவில் இருக்கும் அந்த ஒற்றை ஆக்சில் நட்.

இந்த இடம்தான் எனக்கு அன்று புதிதாகப் புரிந்தது. தாத்தாவின் கடையாணிக்கு ஒரே வேலை, சக்கரம் வெளியே போகாமல் தடுப்பது. அது இருக்கிறதா இல்லையா என்று தொட்டுப் பார்த்தால் போதும். இருந்தால் வண்டி ஓடும். இன்றைய நட்டுக்கு அது இரண்டாவது வேலைதான். முதல் வேலை பேரிங்கை நெருக்கிப் பிடிப்பது. அது இடத்தில் இருந்தும் நெகிழ்ந்திருந்தால், உள்வளையங்கள் விலகி, குண்டுகள் ஓட வேண்டிய தடத்தை விட்டு ஓடி, பேரிங் தேய ஆரம்பித்துவிடும். அச்சிலும் குடத்திலும் உள்ள பற்களும் தேயும். பேரிங் தேய்ந்தால் சக்கரம் ஆடும், ஆட ஆட நட்டு இன்னும் நெகிழும். "நட்டு இருக்குல்ல?" என்று கேட்பது கடையாணிக் காலத்துக் கேள்வி. "எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது?" என்பதுதான் இன்றைய கேள்வி. அதற்கு விடை ஓர் எண். பல சிறிய கார்களில் அது 200 நியூட்டன் மீட்டரை ஒட்டி வரும். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் முனையில் இருபது கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். வண்டிக்கு வண்டி மாறும். உங்கள் வண்டியின் அளவை அதற்குரிய கையேட்டில்தான் பார்க்க வேண்டும்.

மதியம் ஒரு மணிக்குப் பேருந்தில் பேரிங் வந்தது. தம்பி செய்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிரேக்கைக் கழற்றிக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார், பிரேக் குழாயில் அதன் எடை விழக்கூடாதாம். சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கூட்டை மொத்தமாக எடுத்து, சர்க்கிளிப்பைக் கழற்றி, பழைய பேரிங்கைப் பிரஸ்ஸில் வைத்துத் தள்ளினார். உடைத்துக் காட்டினார். உள்தடத்தில் அம்மை வடுப்போல் குழிகள். கிரீஸ் கறுத்துப் போயிருந்தது.

புதிய பேரிங்கைச் சுத்தியலால் அடிக்கவே இல்லை. கூட்டுக்குள் தள்ளும்போது வெளிவளையத்தின் மேல் மட்டும் அழுத்தம். குடத்தை அதற்குள் தள்ளும்போது உள்வளையத்துக்கு அடியில் முட்டு. "மாத்தி அழுத்துனா குண்டு தடத்துல பதிஞ்சிரும் சார். புதுப் பேரிங்கே பத்து நாள்ல கத்தும்" என்றார். அச்சின் பற்களைத் துடைத்துப் பார்த்தார். நல்லவேளை, அவை தேயவில்லை. புதிய நட்டு போட்டார். டார்க் ரெஞ்சில் எண்ணைப் பார்த்து வைத்து, "டக்" என்று கேட்கும் வரை இறுக்கினார். பிறகு நட்டின் மெல்லிய ஓரத்தை அச்சில் இருந்த பள்ளத்துக்குள் தட்டி மடக்கினார். நட்டு இறுகும் வரை வண்டியின் பாரத்தை அந்தச் சக்கரத்தில் இறக்கவே இல்லை. அப்படி ஓர் அடி உருட்டினாலும் புதுப் பேரிங் கெட்டுவிடுமாம்.

"இப்படியே ஓட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும் தம்பி?" என்று கேட்டேன்.

"சொல்ல முடியாது சார். பத்து நாள் ஓடியிருக்கலாம். இன்னைக்கு மலையடிவாரத்துலயே சக்கரம் பிடிச்சிருக்கலாம், இல்ல கழண்டிருக்கலாம். பாப்பா இடது பக்கந்தான உட்கார்ந்திருந்துச்சு?"

அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை.

667ஆம் குறளை எத்தனையோ கூட்டங்களில் மேற்கோள் காட்டிப் பேசியிருக்கிறேன். அன்று காலையில் அந்தத் தம்பி "அனுப்ப மாட்டேன்" என்று சொன்னபோது என் மனத்தில் ஓடியது, "இவன் என்ன, நமக்குச் சொல்கிறான்" என்பதுதான். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

மாலை நான்கரைக்கு அணைக்குப் போய்ச் சேர்ந்தோம். வெயில் தாழ்ந்து, மலை நிழல் தண்ணீரில் விழுந்திருந்தது. பேத்திக்குப் பார்க்க அரை மணி நேரம் கிடைத்தது. திரும்பும்போது 60ல் ஓட்டினேன். காற்றின் சத்தம் மட்டும் கேட்டது.

நண்பர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வேகத்தோடு கூடும் முனகலுக்குப் பழகிவிடாதீர்கள். சாலை மாறும்போது சத்தம் மாறினால் டயராக இருக்கலாம். சாலை மாறியும் அது மாறாமல், வளைவில் கூடிக் குறைந்தால் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். முன்சக்கரத்தில் எந்த வேலை நடந்தாலும், ஆக்சில் நட்டைக் கழற்றினீர்களா, புதிய நட்டு போட்டீர்களா, அளவு வைத்து இறுக்கினீர்களா என்று மூன்று கேள்வி கேளுங்கள். நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார். ஊருக்குத் திரும்பியதும் நான் அந்தத் தம்பிக்குப் போன் செய்து மற்ற மூன்று சக்கரத்தையும் பார்க்க நாள் கேட்டிருக்கிறேன்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். வண்டி மையை ஊற்றி வைக்கும் அந்த மூங்கில் குழாய்க்கு உங்கள் ஊரில் என்ன பெயர்? வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டு எழுதுங்கள். குழாய் போய்விட்டது, பெயராவது இருக்கட்டும்.